சும்மா கிடைத்த சட்டைகள்

மண்ணரைப் பகுதியில் ராஜா முகமதுவின் பனியன் கம்பெனியில் காலர் பின்ன பன்னிரண்டு கை மெஷின்கள் இருந்தன. நாளெல்லாம் நின்றபடி இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் எட்டு வருஷம் இழுத்தவன் தவசி. முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷம் பஸ் ஏறி வந்தவன். பத்தாவது வரை படித்திருந்தான். படிப்பகத்தில் வாசித்ததை டீ நேரத்தில் எல்லோருக்கும் சொல்லுவான்.

"ஒரு காலம் வரும்ணே. வேலையெல்லாம் மெஷினே பாத்துக்கிரும். சட்டை வேணுமா, போயி எடுத்துக்க. அரிசி வேணுமா, எடுத்துக்க. காசுன்னா என்னன்னு நம்ம பிள்ளைக கேக்கும்."

பக்கத்து மெஷின் கன்னையன் வேலம்பாளையத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், வலது தோள் இறங்கிப் போயிருந்தது. மற்றவர்கள் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார். "அப்படி வந்துச்சுன்னா மொதல்ல ஒரு வாரம் தூங்கோணுங்க" என்பார்.

தொண்ணூற்று நாலில் ஜப்பானிலிருந்து கம்ப்யூட்டர் காலர் மெஷின் வரப்போகிறது என்று தெரிந்தது. லாரியை கேட்டிலேயே மறிப்பது என்று காலர் ஆட்கள் முடிவு செய்தார்கள். தவசிதான் தடுத்தான்.

"மெஷின் மேல கோவப்பட்டு என்ன செய்ய? அது நம்ம பாரத்த எறக்கத்தான வருது. வேலை நேரத்தக் கொறைங்க, கூலியக் கொறைக்காதீகன்னு கேப்போம். முதலாளி நல்ல மனுசன்."

அவன் பேச்சை நம்பி எல்லோரும் விலகி நின்றார்கள். மெஷின் உள்ளே போயிற்று. அவர்கள் சொன்னதை ராஜா முகமது பொறுமையாகக் கேட்டார். ஆறு வாரத்தில் கை மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. பதினோரு பேருக்கு வேலை இல்லை. திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் தவசி மட்டும் தங்கினான்.

கன்னையன் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில், துணி வெளுக்கும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தார்.

மறுவருஷம் ஒரு பெரிய ஆர்டர் திரும்பியது. நிறம் ஒரு சாயல் குறைவு என்று வெளிநாட்டுக் கம்பெனி எடுக்க மறுத்துவிட்டது. குடோன் கூரை முட்டச் சட்டைகள். எல்லாவற்றையும் வெட்டி வேஸ்ட்டாக்கச் சொன்னார் முதலாளி.

"வெட்டுறதுக்குப் பதிலா சும்மா குடுத்துருவோமே முதலாளி. கிழிசலோட திரியிறாக சனங்க" என்றான் தவசி.

"கழுத்துல அவங்க பேரு இருக்குது தவசி. ஒரு பீஸ் வெளிய தெரிஞ்சாலும் அடுத்த ஆர்டர் வராது. நானும் கையக் கட்டித்தான் நிக்கறேன்."

இரண்டு நாள் வெட்டினான். மூன்றாம் நாள் கத்தரிக்கோல் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேலம்பாளையத்தில் கன்னையன் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய் அவிழ்த்தான். வேலை போனவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"எவ்வளவுங்க?" என்று கேட்டாள் கன்னையன் மனைவி பூவாத்தாள்.

"காசெல்லாம் இல்லக்கா. வேணும்கிறத எடுத்துக்கங்க."

அவள் ஒன்றை எடுத்தாள். வைத்தாள். பிறகு நாலு எடுத்தாள். முழங்கால் வரை தொங்கும் சட்டைகளோடு பிள்ளைகள் ஓடினார்கள். இவ்வளவுதானே, இதைத்தானே இத்தனை வருஷமாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டான் தவசி.

பத்து நாளில் அந்தச் சட்டைகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கம்பெனிகள் கழித்த துணியை விற்கும் ஒரு செகண்ட்ஸ் கடையில் தொங்கின. வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் கண்ணில் பட்டது. ராஜா முகமது கேட்டபோது தவசி மறைக்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "ஆர்டர் போச்சு. தையல்ல நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. நாளைக்கு அவங்களுக்கு நான் என்ன சொல்றது, நீயே சொல்லு" என்றார். அன்றோடு அவனுக்கும் வேலை இல்லை. அந்த மெஷினுக்கு ஐ.டி.ஐ. படித்தவன் ஒருவன் வந்தான்.

தவசி நேரே கன்னையன் வீட்டுக்குப் போனான். அவர் கையில் தோல் வெளுத்து உரிந்து கிடந்தது.

"போட்டுக்கத்தான குடுத்தேன். ஏண்ணே வித்தீக?"

"நீங்க சும்மா குடுத்தீங்க. கடைக்காரன் அரிசியச் சும்மா குடுக்கலீங்களே. நாலு சட்டையப் போட்டுக்கிட்டுப் பட்டினி கெடக்க முடியுங்களா?"

"எல்லாத்தையும் மெஷினே செய்யிற காலம் வந்தா..."

"வரட்டுங்க. அந்த மெஷின் ஆரோடதுங்க? இத்தன வருசம் பேசுனீங்க, அத மட்டும் சொல்லவே இல்லீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை அவர். தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பூவாத்தாள் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். எந்தக் காசில் வாங்கிய அரிசி என்று அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குனிந்து சாப்பிட்டான்.

திங்கட்கிழமை கன்னையன் சொல்லிவிட்டதில் சாயப்பட்டறையில் அவனையும் எடுத்துக்கொண்டார்கள். மண்ணரை அறையைக் காலி செய்து வீரபாண்டிக்கே போய்விட்டான். மண்ணரையில் அவன் இருந்த தெருக் குழாய்க்குத்தான் அந்த நாற்பது தையல் பெண்களும் தண்ணீர் பிடிக்க வருவார்கள்.