இரண்டு கிராம் ஈயம்

“கொல்ப் கம்புட தலையில ஈ ஒண்டு இருந்துட்டுப் போனாலும், அது ஆணா பொட்டையா எண்டு நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவன்” என்றார் முகைதீன்பாவா. இதைச் சொல்லும்போது அவர் செத்துக்கொண்டிருந்தார்.

செத்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும், அறையில் இருந்த பதினாலு பேருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு முன்னமே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் கடையைப் பூட்டிவிட்டன. கால்கள் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தன. மனைவி சுஹறா தேக்கரண்டியால் ஊட்டிய தண்ணீரை விழுங்குவதற்குள் ஒருவர் மருதமுனையிலிருந்து பொத்துவிலுக்கு நடந்துபோய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஈ கதையைச் சொல்ல மட்டும் அவருக்கு மூச்சு முட்டவில்லை.

“பொட்டை எண்டு எப்புடிக் காக்கா தெரியும்?” என்று கேட்டார் மசூர். பக்கத்து வீட்டில் கைத்தறி வைத்திருப்பவர். மையத்து வீட்டிலும் சிரிப்பதற்கு இடம் பார்த்துத்தான் உட்காருவார்.

“தலை பளபளண்டு இரிக்கிதெல்லா. பொட்டை எண்டா அதுல முகம் பார்த்துட்டுத்தான் எழும்பும். அந்த நேரம் பாரம் கையில நிக்கும்.”

யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சிரிக்காமல் இருந்தவர் நளீம் ஒருவர்தான். சுஹறாவின் தம்பி. முப்பத்தொரு வருடம் கடைக்குக் கடை போய்த் தராசுகளுக்கு முத்திரை குத்தி, ஓய்வூதியம் வாங்குகிறவர். அரைக் கிராம் பிசகினாலும் அவர் மூக்கு வியர்க்கும் என்று கல்முனைச் சந்தையில் ஒரு காலத்தில் பேச்சு. தராசு சொல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. கலியாண வீட்டுச் சஹன் தட்டில் இறைச்சித் துண்டு விழும்போதுகூட மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பார்.

மச்சான் முகைதீன்பாவா கட்டாரில் இருபத்திரண்டு வருடம் ஒரு கொல்ப் மைதானத்துப் பட்டறையில் இருந்தவர். புல்லுக்கும் மணலுக்கும் அடிக்கிற குட்டைக் கம்புகள், வெட்ஜ் என்று பெயர், அவற்றின் தலையில் ஈயப் பட்டி ஒட்டி வீச்சுப் பாரத்தைச் சரிபண்ணுவதுதான் வேலை என்பார். இரண்டு கிராம் ஒட்டினால் ஒரு புள்ளி ஏறுமாம். புள்ளிக்குப் பெயரும் உண்டு: டீ மூன்று, டீ நாலு. இந்தக் கரையில் கொல்ப் மைதானத்தைக் கண்ணால் கண்டவர் எவருமில்லாததால் அவர் வாய்க்கு வேலியும் இருக்கவில்லை. ஒரு அறபிக்கு முக்கால் கிராம் கூட்டிக் கொடுத்ததில் அவன் அடித்த பந்து பாலைவனத்தைத் தாண்டிப் போய், மூன்றாம் நாள் ஒட்டகத்தின் சாணத்தில் கிடைத்தது என்பது அவற்றில் சிறிய கதை.

“புல்லுக்குத் தண்ணி ஊத்தியிருப்பாரு” என்பது நளீமின் தீர்ப்பு. பத்தொன்பது வருடமாக அதே தீர்ப்பு. பத்தொன்பது வருடமாக முகைதீன்பாவாவும் மாலைத் தேநீருக்கு நளீம் வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “ஒரு தரம் நம்பன்டா. ஒரே ஒரு தரம். என்ன கொறைஞ்சிரும்?”

பிள்ளைகள் இல்லாத மனிதர். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அல்லாஹ் கடைசியில் ஒரு வழி வைத்தான். தெற்குப் பக்கத்தில் கொல்ப் மைதானமுள்ள ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கும் டிலக்சன், லீவில் தன் ஊரான திருக்கோவிலுக்கு வந்தபோது தன் மனேஜரின் மூன்று வெட்ஜ்களைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றும் கையில் ஒன்றுபோல வரவேண்டும். கொழும்பில் கொடுத்தும் சரிவரவில்லையாம். கட்டிலில் சாய்ந்தபடியே ஆறு நாள் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் பிடித்து ஆட்டி, ஈயத்தை வெட்டி, ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி, நேற்றுத்தான் “முடிஞ்சி. மூண்டும் டீ நாலு” என்று கண்களை மூடினார் முகைதீன்பாவா. அந்த ஆறு நாளும் அவருக்கு நோயே இல்லை என்று சுஹறா சொன்னாள்.

நளீம் விடுவாரா? வீட்டுக்குப் போய்த் தன் டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்தார். முதல் கம்பு 461 கிராம். இரண்டாவது 466. மூன்றாவது 473.

“ஒண்டுபோல எண்டயள். தராசு பன்ரெண்டு கிராம் பொய் காட்டுது மச்சான்.”

“அது கிடக்கிற பாரம்டா. நான் சொல்றது வீசற பாரம். தண்ணி வாளிய நெஞ்சோட அணைச்சித் தூக்கிப் பாரு. அதே வாளியக் கயித்துல கட்டிச் சுழட்டிப் பாரு. தராசுக்கு ஒண்டுதான். கைக்கு ரெண்டு.”

“கைக்கு முத்திரை குத்தினது ஆரு?”

மசூர் சிரித்தார். நளீம் மூன்று எண்களையும் சுவர்க் கலண்டரில் எழுதி வைத்தார். அன்றிரவு அவருக்கு நல்ல நித்திரை.

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அவர் வாழ்க்கையில் வந்த ஒரே குறும்பான யோசனை. அதுவும் தப்பான நாளில் வந்தது.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது, நளீம் பின்னறைக்குப் போனார். நடுக் கம்பின் தலையில் ஒட்டியிருந்த ஈயப் பட்டியை நகத்தால் உரித்தார். தீக்குச்சித் தடிப்புக்கு உருட்டினார். கைபிடியின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதற்குள் தள்ளி அடைத்துவிட்டு, வாயில் பீடா போட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பாரம் எங்கும் போகவில்லை. தலையிலிருந்து வாலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மச்சான் பிடித்துப் பார்ப்பார், “டீ நாலு” என்பார், அப்போது ஈயத்தை இழுத்துக் காட்டிப் பத்தொன்பது வருடக் கணக்கை முடிக்கலாம்.

அதனால்தான் ஈ கதை முடிந்து பெண்கள் முந்தானையை எடுத்ததும், நளீம் மூன்று கம்புகளையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

“மச்சான், டிலக்சன் இண்டைக்கி வாறானாம். கடைசியா ஒருக்காப் பார்த்திருங்களன்.”

“தம்பி, உடு. அவருக்கு ஏலாது” என்றாள் சுஹறா.

“எனக்கா ஏலாது?” முகைதீன்பாவா கையை நீட்டினார். விரல்கள் வீங்கி வெள்ளி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. முதல் கம்பைப் பிடித்தார். ஆட்டினார் என்று சொல்ல முடியாது. கம்பு தானாக ஒரு தரம் அசைந்தது. “டீ நாலு.” மூன்றாவது. “டீ நாலு.”

நடுக் கம்பு. கண்களை மூடினார். நேரம் எடுத்தார். பக்கத்து வீட்டுத் தறி நூறு தரம் அடித்திருக்கும்.

“இதுல தலை லேசாயிட்டு” என்றார். “ரெண்டு கிராம். டீ மூண்டுதான் இரிக்கி.”

நளீம் கைபிடியின் நுனியைப் பார்த்தார்.

அந்த இடத்தில் அவர் ஓட்டையைக் காட்டியிருக்கலாம். ‘மெய் மச்சான்’ என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் முத்திரை குத்திய கை தன்பாட்டில் சட்டைப்பையில் இருந்த தராசை எடுத்தது. கம்பை அதன்மேல் வைத்தது.

“466” என்று வாசித்தார் மசூர். கலண்டரைப் பார்த்தார். “நேத்தும் 466! காக்கா, ஈ ஒண்டு எழும்பிப் போயிருக்கும்!”

அறை சிரித்தது. யாசீன் ஓதியவர்களும் சிரித்தார்கள். பாவம், இரண்டு நாளாக அழுது களைத்தவர்கள். சிரிப்புக் கிடைத்ததும் விடவில்லை.

முகைதீன்பாவா மட்டும் சிரிக்கவில்லை. “நளீம், அதுல ஈயம் இரிக்கா? இண்டைக்கிக் கண்ணும் மங்குது. ஆராச்சும் தொட்டயளா?”

“ஆரும் தொடல்ல மச்சான். எல்லாம் இரிக்கி.”

முகைதீன்பாவா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல.

“அப்ப இது மவுத்தாகிட்டு” என்றார்.

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு ஒரு கதையும் சொல்லவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை. பதினொன்றரைக்கு மீதி உடம்பும் கையைத் தொடர்ந்தது.

மசூரின் தறி நின்றது. பள்ளிவாசலில் அறிவித்தார்கள். கபன் துணி வந்தது, தூக்கிப்போகச் சந்தூக்குப் பெட்டி வந்தது, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் நளீம்தான் ஓடி ஓடிச் செய்தார். அப்படி ஓடிய மச்சினனை ஊர் கண்டதில்லை. நின்றால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஓடினார்.

குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். மையத்தின் வலது பெருவிரல் நகத்தடியில் சாம்பல் நிறமாக ஒரு கறை இருந்தது. குளிப்பாட்டுகிறவர் இலந்தை இலைத் தண்ணீரால் மூன்று தரம் தேய்த்தார்.

“இந்த ஊத்தை போகுதில்லயே. என்னது இது?”

“ஈயம்” என்றார் நளீம்.

“அப்பிடியே கிடக்கட்டும்” என்று குளிப்பாட்டியவர் அடுத்த விரலுக்குப் போனார்.

இரண்டரை மணிக்கு டிலக்சன் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். படலையில் கூட்டத்தைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். சுஹறா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

“மகன், ஒங்கட சாமானக் கொண்டு போங்க. ஒண்டுல தலை லேசு எண்டாரு. தம்பி நிறுத்துப் பார்த்தான், எல்லாம் சரியாம். அவருக்குத்தான் ஒண்டும் வெளங்கல்ல கடைசியில. கைய வெளிய எடுக்கவே இல்ல மனே. என்ட கையக்கூடப் பிடிக்கல்ல.”

“காக்கா சொன்னாரெண்டா ஏதும் இரிக்கும் அம்மா” என்றான் டிலக்சன். “ஹோட்டல்ல மிசின் இருக்கு. வச்சுப் பார்த்தா தெரிஞ்சிரும்.”

“கொஞ்சம் நில்லுங்க தம்பி” என்று நளீம் பின்னறைக்குள் பாய்ந்தார்.

ஊசியால் குத்தி ஈயத்தை வெளியே எடுக்க முடிந்தது. மறுபடி ஒட்டத்தான் முடியவில்லை. பிரித்தால் கிழிந்தது, பசையில் தூசி ஏறியிருந்தது. தலையில் எந்த இடத்தில் இருந்தது? மேலேயா, ஓரத்திலா? கம்பைத் தூக்கி, மச்சானைப்போல் கண்களை மூடி, இரண்டு விரலில் ஆட்டிப் பார்த்தார். ஒரு கம்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் ஆட்டினார். தெரியவில்லை. ஈயத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“அடக்கம் முடியட்டும். பிறகு தாறன்” என்றார். டிலக்சன் தலையாட்டினான்.

அஸர் தொழுகை முடிந்து, சந்தூக்கை இமாமுக்கு முன்னால் வைத்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையத்தின் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து ஊரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். நளீமுக்கு அது கைவந்த காரியம். நல்ல உத்தியோகக் குரல். ஊரில் பாதி மையத்துக்கு அவர்தான் மன்னிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். எழுந்தார். முதல் வரிசை நிமிர்ந்து பார்த்தது. வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்கு அப்பால், டிலக்சன் நின்றான்.

“எங்கட மச்சான் முகைதீன்பாவா இந்த ஊருல உங்களோட பழகினவர்” என்று தொடங்கினார். வாய்க்கு மனப்பாடம், மனம் தேவைப்படவில்லை. “அவர் செயலால, பேச்சால ஆருக்காச்சும் நோவினை குடுத்திருந்தா, பொய், புறம் பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக அத மன்னிச்சி...”

“ஈ கதையும் சேர்த்துத்தானே?” இரண்டாவது வரிசையிலிருந்து மசூர், குசுகுசுவென்று. ஆனால் பள்ளியில் குசுகுசுப்பு கடைசித் தூண் வரை போகும். வரிசைகள் குலுங்கின. இமாமே தாடியைத் தடவி வாயை மறைத்துக்கொண்டார். எல்லோரும் தாராளமாக மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். “மன்னிச்சிட்டம்” என்ற சொல் முந்நூறு வாயில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“சேர்க்காதீங்க” என்றார் நளீம்.

குரல் உத்தியோகக் குரலாக இல்லை. மசூர் முகத்தை நிமிர்த்தினார்.

“மத்த எல்லாத்தையும் மன்னிச்சிக்குங்க. கம்பு விசயத்த மன்னிக்க வேணாம்.” சட்டைப்பைக்குள் விரலை விட்டு, முறுகிப்போன சாம்பல்நிறத் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். முதல் வரிசைக்கே அது சரியாகத் தெரியவில்லை. “காலையில இதத் தலையில இருந்து எடுத்து வாலுக்குள்ள வச்சது நான். தராசு கண்டுபிடிக்கல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ‘மன்னிச்சிட்டம்’ என்று ஒருவரும் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டியவர் சந்தூக்குக்குள் இருந்தார்.

“தலை லேசாத்தான் இருந்திச்சி” என்றார் நளீம். “ரெண்டு கிராம். அவர் சொன்னது மெய்.”

இமாம் சந்தூக்கின் பக்கம் திரும்பினார். பிறகு வரிசையை நேராக்கச் சொல்லித் தக்பீர் கட்டினார். எல்லோரும் விரல்களை விரித்துக் கைகளை உயர்த்தினார்கள். நளீமின் வலது கை மட்டும் மூடியபடியே காதுவரை போய்த் திரும்பியது.