இன்றைய உச்ச வேகம்

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சட்டையைப் பார்த்தபடியே நின்றாள். கணவரின் வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்ததும் அவருக்கு இதைத்தான் போட வேண்டும். காலரில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர்ச் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்தவள், வீட்டுச் சட்டையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. தலைக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோல இருந்தது. தெருமுனையில் சைக்கிள் விழுந்த சத்தம் தையல் மெஷின் ஓடும்போதே அவள் காதில் விழுந்திருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, மிச்சமிருந்த விளிம்பைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"அண்ணி," என்று கொழுந்தன் உள்ளே வந்தார். "அந்த மருந்துக்கடைப் பொண்ணு அம்மாவோட வந்து வாசல் கேட் பக்கத்துல நிக்குது. உள்ள விட மாட்டேன்னு சொல்லிட்டேன். கொன்னுட்டு, பாக்க வேற வருது."

அந்தப் பெண் நான்கு வீடு தள்ளி இருப்பவள். நேற்று காரைப் பின்பக்கமாக எடுத்துத் தெருவுக்கு வந்தபோதுதான் கணவர் சைக்கிளில் வந்து மோதினார். "பாத்துட்டுதான் எடுத்தேன், ரோட்டுல யாருமே இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ணை எங்கடி வச்சிருந்தே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியது இவள்தான்.

"கவலைப்படாதீங்க அண்ணி. கேஸ் நிக்கும்," என்றார் கொழுந்தன். செல்போனை நீட்டினார். சைக்கிளில் வேகம் காட்டும் டிஸ்ப்ளேயைப் படம் பிடித்து வைத்திருந்தார். காலையில் போலீஸ்காரரிடமும் அதைத்தான் காட்டினார். இன்றைய உச்ச வேகம்: இருபத்து நான்கு. "இருபத்து நாலுல வர்ற ஆளு கண்ணுக்குத் தெரியலைன்னா, அவ என்ன ஓட்டுறா?"

அந்த எண்ணைத்தான் அவள் இரவு முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கணவர் அவளுக்குக் கொடுத்த வாக்கு. எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் மறுநாளே விற்றுவிட வேண்டும். சம்மதித்தார். தினமும் மாலையில் வாசலிலேயே நின்று டிஸ்ப்ளேயைப் பார்ப்பாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "பாஸா, பெயிலா?" என்பார். "பாஸ்தான், போய்க் கை கழுவுங்க," என்பாள்.

கடைகளின் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை அவருக்கு. தெருவில் அவருக்கு அளவுக்காரர் என்றுதான் பெயர். கால் கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வீட்டில் காபிக்குச் சர்க்கரை போட்டால்கூட கரண்டியைத் தட்டிச் சமப்படுத்துவார். அப்பேர்ப்பட்டவர் கடைசி நாளும் வாக்குத் தவறவில்லை. இனி அவளுக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

பின்வாசலில் சங்கிலி உராயும் சத்தம் கேட்டது. முனைக்கடை சைக்கிள் மெக்கானிக், பின்சக்கரத்தை மட்டும் தரையில் உருட்டி, நெளிந்த முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். விபத்து நடந்ததும் சைக்கிளைத் தன் கடையில் எடுத்து வைத்தவர் அவர்தான். சுவரில் சாய்த்தார். போகவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்க்கா." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "காலைல போலீஸ்காரர் முன்னாடி எனக்கு வாய் வரல. உங்ககிட்டயாவது சொல்லலைன்னா சோறு இறங்காது. அந்த நம்பர் சரியில்ல."

"எந்த நம்பர்?"

"இருபத்து நாலு."

அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு வெளியே வந்தாள். மெக்கானிக் டிஸ்ப்ளேயின் பொத்தானை அழுத்தினார். அடிபட்ட சைக்கிளில் அது மட்டும் எதுவுமே நடக்காததுபோல் பளிச்சென்று எரிந்தது.

"இது சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் எண்ணும். சக்கரம் எவ்வளவு பெருசுன்னு நாமதான் சொல்லணும். சின்னச் சக்கரம்னு சொல்லிட்டா நம்பிடும். ஒரு சுத்துக்குக் கொஞ்ச தூரம்தான் போறோம்னு கணக்குப் போடும். நாப்பதுல போனாலும் இருபத்தஞ்சுன்னுதான் காட்டும். இருபத்தஞ்சு ஆனா மோட்டார் தானா நிக்குற மாதிரிதான் கம்பெனில செஞ்சிருப்பாங்க. அதுவும் லேசுல நிக்காது. பேட்டரியும் பெருசா மாத்தினோம்."

"யாரு மாத்தச் சொன்னது?"

"சார்தான்."

"பொய் சொல்லாதீங்க!"

"முதல்ல வெறும் வேகம்தான் கேட்டாரு. டிஸ்ப்ளேல தெரியுமே சார்ன்னேன். தெரியாம பண்ண முடியுமான்னாரு. 'வீட்டுல சாயங்காலம் செக்கிங் இருக்கு'ன்னு சிரிச்சாரு." மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "பிரேக்கை மாத்துங்க சார்ன்னு சொன்னேங்க்கா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னாரு."

அவள் குனிந்து பார்த்தாள். சக்கர அளவு என்ற இடத்தில் பதினாறு என்று இருந்தது. பதினாறு அங்குலம் எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும், சின்னப் பிள்ளைச் சட்டையின் உயரம். கழுத்திலேயே கிடந்த இன்ச் டேப்பை உருவி, பின்சக்கரத்தின் ஒரு விளிம்பில் வைத்து, நடு அச்சின் வழியாக மறு விளிம்புக்கு இழுத்தாள். கட்டை விரலால் எண்ணை அழுத்திப் பிடித்தாள். இருபத்தாறு.

மறுபடி அளந்தாள். இருபத்தாறுதான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். அடப்பாவி மனுஷா, என்னிடமேவா! ஊரில் உள்ள தராசையெல்லாம் குடைந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் கள்ள அளவு வைத்திருக்கிறார். பிடித்து உலுக்கிக் கேட்கலாம் போலிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு அது நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாகவே அவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். "என்ன, வேலை குறைஞ்சிடுச்சா?" என்று கேட்டதற்கு, "ரோடு காலியா இருந்துச்சு," என்றார். தினமும் அதே பதில். வந்து மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிரித்த துணியிலிருந்து நூல் பொறுக்குவார். ஒருநாளும் ஒழுங்காகப் பொறுக்கியதில்லை. விளக்கு போடும் நேரம் வரை இருவரும் யாரையாவது கேலி பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மதியத்திலிருந்தே அவள் மணி பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை.

சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா," என்றார் மெக்கானிக் மெதுவாக. "நீங்க சொல்றபடி."

உண்மைதான். மெக்கானிக் வாயைத் திறக்கமாட்டார். டிஸ்ப்ளேயைக் கழற்றிச் சாக்கடையில் போட்டால் முடிந்தது. அவர் அளவுக்காரராகவே போய்ச் சேரலாம். தெருவே அவருக்காக உச்சுக்கொட்டும். அந்தப் பெண் மட்டும் வாழ்நாள் முழுவதும் கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எண்ணின் மேல் வைத்த கட்டை விரலை எடுக்காமலே அவள் வீட்டைத் தாண்டி முன்வாசலுக்கு நடந்தாள். வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கொழுந்தன் குறுக்கே வந்தார்.

"அண்ணி, நீங்க எதுக்கு வெளிய வர்றீங்க? நான் பேசிக்கிறேன்."

"வழி விடுங்க தம்பி."

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் நேற்றைய உடுப்பிலேயே நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இவளைப் பார்த்ததும் அவளுடைய அம்மா மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அடி விழும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நேத்து ரெண்டு பக்கமும் பாத்துட்டுதானேம்மா வண்டி எடுத்தே?"

"பாத்தேன் ஆன்ட்டி. சத்தியமா பாத்தேன்." அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திக்கியது. "ரோடு காலியா இருந்துச்சு."

"காலியாத்தான் இருந்திருக்கும்," என்றாள் அவள்.

அம்மாவும் மகளும் புரியாமல் பார்த்தார்கள். அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "அந்தப் போலீஸ்காரரை இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. சைக்கிள் பின்னாடி இருக்கு. நான் அளந்து காட்டணும்."

"என்ன அண்ணி சொல்றீங்க? எதை அளக்கணும்?"

அவள் பதில் சொல்லுமுன், ஆஸ்பத்திரி வண்டி தெருமுனையில் திரும்பியது. கண்ணாடித் தூள் இன்னும் கிடந்த இடத்தைத் தாண்டி, நடந்து வருகிறவர்களைவிட மெதுவாக வந்தது. அந்தப் பெண் நகரத் தோன்றாமல் வழியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினாள்.