அக்காவுக்குப் புதுசு

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதை மூடி மறைத்துச் சொல்வதில் பயனில்லை. வேலை முடிந்து வந்த அவள் கணவரே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன, தீஞ்ச வாசனை வருதே, உன் தங்கச்சி போன் பண்ணினாளா?" என்றுதான் கேட்டார்.

பண்ணியிருந்தாள். சின்னவள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டாள். "பட்டனை அமுக்கினதும் வந்து நிக்குதுக்கா, நாற்காலியை இழுத்துப் போடறதுக்குள்ள ரெடி" என்று அரை மணி நேரம் அதன் புகழ் பாடியிருந்தாள். பெரியவளோ தன்னுடையதைப் போட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போகிறவள். வாளி காலியாகித் திரும்பும்போதுதான் திரையில் வெளிச்சம் வரும். வந்தாலும் தேதி தப்பாக இருக்கும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போனதால், ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அது பிறந்த வருஷத்துக்கே போய்விடும். அவள் தினமும் கையைப் பிடித்து நிகழ்காலத்துக்குக் கூட்டி வரவேண்டும்.

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே தொழில். அச்சகத்துக்காரர் கொடுப்பதை வீட்டிலேயே தட்டச்சு செய்து, பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது. எந்த விரல் எந்த எழுத்தின் மேல் உட்கார வேண்டும் என்று சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பெரியவள்தான். இப்போது பளபள அட்டைகளும் கலர்ப் பட்டியல்களும் சின்னவள் வீட்டுக்குப் போயின. பரீட்சைக் கேள்வித்தாளும் 'தொலைந்த நாய்க்குட்டி' நோட்டீசும் பெரியவளுக்கு வந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதை அவள் தினமும் உட்கார்ந்து பார்த்தாள்.

அந்த நிலையில்தான் பறவைப் புத்தகம் வந்தது. தடித்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். இப்படி ஒன்றுக்காகத்தான் அவள் தொழிலுக்கு வந்ததிலிருந்து காத்திருந்தாள்.

"மாதிரிக்கு ஒரு அத்தியாயம் அனுப்பியிருக்கேன்மா, இந்த வாரத்துக்குள்ள பக்கம் போட்டு அனுப்புங்க. மெஷின் தாங்கலைன்னா சொல்லிடுங்க, தங்கச்சிகிட்ட குடுத்துடறேன். அவங்க புதுசு வாங்கியிருக்காங்களாமே" என்றார் அச்சகத்துக்காரர்.

அந்த 'ஆமே' அவள் காதில் அன்று முழுக்க நின்றது.

அவர் அனுப்பிய கோப்பைத் திறந்தாள். குருவி தலையில் பனங்காய். மின்விசிறி உறுமியது, திரை உறைந்தது. மீன்கொத்தியின் அலகு வந்தது, உடம்பு வரவில்லை. அவள் சமையலை முடித்துவிட்டு வந்தாள். கழுத்து வந்திருந்தது.

புதிதாக வாங்கக் கையில் பசை இல்லை. எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, மறுநாள் காலையில் சின்னவளின் போன்.

"அக்கா, என் பழைய கம்ப்யூட்டரோட ராம் சும்மாதான் கிடக்கு. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வாங்கினதுதானே, உன்னோடதுக்குச் சரியாப் பொருந்தும். எடுத்துக்கோயேன்."

ராம் என்பது விரல் நீளப் பச்சைப் பட்டை. அதன் கொள்ளளவு பெரிதாக இருந்தால் பெரிய கோப்பைக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறாமல் திறக்கும். பெரியவளுக்குத் தேவையானது அதுதான். ஆனால் அவள், "எனக்கு யாரோட மிச்சமும் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க, நீ மாட்டையே விரட்டறியே" என்றார் கணவர்.

"உங்களுக்குப் புரியாது."

அவருக்கு எப்படிப் புரியும்? அவர் ஒற்றைப் பிள்ளை. இவர்கள் வீட்டுச் சட்டம் வேறு. புதுசு வந்தால் பெரியவளுக்கு, அவளுக்குச் சின்னதாகிவிட்டால் சின்னவளுக்கு. கவுன், செருப்பு, பென்சில் டப்பா, மழைக்கோட்டு எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கிப் போயின. சின்னவளுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. கைக்கு வருகிற எல்லாவற்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். "பொட்டு வெச்சா பழசு புதுசாயிடுமாடி?" என்று பெரியவள் கேலி செய்வாள். அப்படிக் கேலி செய்த வாயால், "சரி, உன் பழசைக் குடு" என்று எப்படிக் கேட்பது? ஆறு மேல்நோக்கி ஓடுமா?

கம்ப்யூட்டரைப் பழைய துண்டில் சுற்றி ஆட்டோவில் வைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் எப்போதும் ஒரு கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் தெருவே அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட்டது. மூடியைத் திறந்தவர் உள்ளே இருந்த தூசியைப் பார்த்து, "இதுக்குள்ள விதை போட்டா முளைக்கும்க்கா" என்றார்.

தூசியை ஊதி எடுத்தார். செத்த பேட்டரியை மாற்றினார். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமாக வேலை செய்கிற மலிவான எஸ்எஸ்டி ஒன்று போட்டார். "ராம்தான் கஷ்டம். இந்த மாடலுக்கு இப்பப் புதுசு வர்றதில்லை" என்றவர் இழுப்பறையைத் திறந்து இரண்டு பட்டைகளை எடுத்தார். "நல்ல வேளை, ஒரு ஜோடி இருக்கு. தெரிஞ்ச இடத்துச் சரக்கு, தைரியமாப் போடலாம்." அவள் பேரம் பேசினாள். அவர் அசையவில்லை.

கிளம்பும்போது, "எப்பவாவது பீப் பீப்னு கத்திட்டு திரை வரலைன்னா பயப்படாதீங்க. கரண்டை நிறுத்திட்டு, ராமைக் கழட்டி, அடியில வரிசையா இருக்கிற கால்களைப் பென்சில் ரப்பரால தேய்ச்சு மறுபடி சொருகுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினாள். வாளியைத் தூக்கக் குனிந்தவள் நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது. தேதி சரியாக இருந்தது. மீன்கொத்தி அலகு, உடம்பு, வால் எல்லாவற்றோடும் ஒரே பாய்ச்சலில் வந்து உட்கார்ந்தது. பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாதிரி அத்தியாயம் போனது, முழுப் புத்தகமும் அவளுக்கே வந்தது.

உடனே தங்கைக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் என்பதற்காக அல்ல, இவளிடம் சொல்லவேண்டும் என்பதற்காக.

"என் சொந்தக் காசு. நானே பார்த்து வாங்கினேன். உன் புதுசு பக்கத்துல வந்து நிக்க முடியாது, தெரிஞ்சுக்கோ."

"சந்தோஷம்க்கா. எந்தப் பறவையில இருக்கே?" என்றாள் சின்னவள்.

பொறாமைப்படுவாள் என்று பார்த்தால் பறவையை விசாரிக்கிறாள். அழுத்தக்காரி.

பாதிப் புத்தகம் முடிந்து, ஆந்தைகள் தொடங்குகிற அன்று காலையில் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியது. பெரியவள் கலங்கவில்லை. கரண்டை நிறுத்தி, பக்க மூடியைத் திறந்து, ஒரு பட்டையைக் கழற்றினாள். பொன்னிறக் கால்களை ரப்பரால் தேய்த்துவிட்டு, மறுபக்கம் தேய்க்கத் திருப்பினாள்.

லேபிளின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

இரண்டாவதைக் கழற்றினாள். அதிலும் இருந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. ஊரில் நெயில் பாலிஷ் ஆயிரம் பேர் வீட்டில் இருக்கலாம். மிளகளவில், மூலை பார்த்து, அப்படி உருண்டையாகப் பொட்டு வைக்கிற கை ஒன்றுதான்.

இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராகக் கடைக்குப் போனாள். பூதக்கண்ணாடி லென்சைக் கழற்றிவிட்டார்.

"உங்க தங்கச்சிதான் கொண்டாந்து குடுத்தாங்க. 'அக்கா வருவா, வந்தா இதையே போடுங்க. என் பேரைச் சொன்னா கழட்டி மூஞ்சியில எறிஞ்சிடுவா'ன்னாங்க."

"சும்மாவா குடுத்தா?"

"சும்மாவா? நீங்க ராமுக்குக் குடுத்த காசை அப்படியே வாங்கிட்டுப் போனாங்க."

தானமில்லை என்று தெரிந்ததும்தான் பெரியவளுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. போனில் தான் அவ்வளவு பீற்றிக்கொண்டதை, எல்லாம் தெரிந்த ஒருத்தி 'சந்தோஷம்க்கா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு பெருமை கிடைத்தது, அதுவும் தங்கை கொடுத்த பழசு. தங்கை வீட்டில் எறிந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தாள். எறிந்தால் ஆந்தைகள் அத்தனையும் சின்னவள் வீட்டுக்குப் பறந்துவிடும் என்பது தெரிந்தும் நடந்தாள்.

சின்னவளின் புதுக் கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பக்கம், உள்ளே சுற்றிச் சுற்றிக் கலர் விளக்கு. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. கைக்குட்டையை மேஜை மேல் போட்டாள்.

"உன் மிச்சம். நீயே வெச்சுக்கோ."

சின்னவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். மறுக்கவில்லை. "பொட்டை அழிக்க மறந்துட்டேன்" என்றாள்.

"என்னை முட்டாளாக்கினே."

"ஒரே ஒரு தடவை என் பழசு உன்கிட்ட வந்தது, உனக்குத் தாங்கலை. எனக்கு எத்தனை வருஷம்க்கா?" சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "நீ குதிகாலை வெளிப்பக்கம் அழுத்தி நடப்பே. உன் செருப்பு என்கிட்ட வரும்போது அந்தப் பக்கம் தேஞ்சிருக்கும். நானும் சாஞ்சே நடந்தேன். உன் கவுன் அளவுக்கு நான், உன் செருப்புச் சாய்வுக்கு நான். எனக்குன்னு என்ன இருந்துச்சு? ஒரு பொட்டு வெச்சாத்தான் அது என்னுதுன்னு தோணும். அப்புறம் பழக்கமாயிடுச்சு, புதுசு வாங்கினாலும் கை தானாப் போகுது."

பெரியவளுக்குப் பொட்டைக் கேலி செய்ததெல்லாம் நினைவிருந்தது. ஏன் வைக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதாக நினைவில்லை. தன் கால் எந்தப் பக்கம் அழுத்தும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். தான் இப்போது எரிகிற எரிச்சலை இவள் சின்ன வயசிலேயே எரிந்து முடித்திருக்கிறாள். அதிலும் முந்திவிட்டாள்.

கைக்குட்டை அவர்களுக்கு நடுவில் கிடந்தது. கண்ணாடிக்குள் விளக்கு பச்சையாகி நீலமானது.

"நெயில் பாலிஷ் இருக்கா?" என்றாள் பெரியவள் கடைசியில்.

சின்னவள் இழுப்பறையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாள். ஒன்று மூடி திறக்காத நீலம். இன்னொன்று கழுத்தெல்லாம் காய்ந்துபோன சிவப்பு. நீலத்தைப் பெரியவள் பக்கம் தள்ளினாள்.

"புதுசு உனக்குத்தானே."

கேலியா, பழக்கமா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் கையும் பழக்கத்தில் நீலத்தின் மேல் போய் விழுந்தது. பிறகு அதை விட்டுவிட்டுச் சிவப்பை எடுத்தாள்.

அது கெட்டிப்பட்டிருந்தது. தூரிகை முள்ளாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பட்டைகளிலும் சின்னவளின் பொட்டுக்குப் பக்கத்தில் தானும் ஒவ்வொன்று வைத்தாள். காயும்வரை ஊதினாள். மறுபடி கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டாள்.

"ஆந்தை இன்னைக்கு முடியுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"முடியும்."

வீட்டுக்கு வந்து பட்டைகளைச் சொருகுமுன் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தாள். அவள் வைத்தது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. சின்னவளுடையது நல்ல வட்டம். பெரியவளுக்கு அதற்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது.