பிரேக்குக்குப் பதில் டயர்த் துண்டு

விடியுமுன்பே கெலமங்கலத்தில் பால் கேன்கள் சைக்கிள்களில் ஏறிவிடும். கயிற்றை இழுத்துக் கட்டுவதற்குள் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். சைக்கிள்கள் பால் வியாபாரம் செய்யும் சாவுகார் நாராயணப்பனுடையவை. பிரேக் கட்டைகள் தேய்ந்து விழுந்தபோது அவர் புதிதாக வாங்கிப் போடவில்லை. பழைய டயரை அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அதை உள்ளங்காலில் கட்டிக்கொண்டு, ஓசூர்ச் சரிவில் முன்சக்கரத்தை மிதித்து நிறுத்த வேண்டும். அந்தத் துண்டைக் கொடுத்ததற்கு, பால் கொண்டுபோகிறவர்களில் ஒருவனான ஆஞ்சப்பன் அவருக்குக் கும்பிடு வேறு போட்டான். சரிவில் மிதிக்காமல் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் கூட்டாளி தீர்த்தகிரியைப் பார்த்து, "சேலை கட்டிக்கோண்ணா" என்று சிரித்தவனும் அவன்தான்.

அன்று பனி. ஈர டயரில் ஆஞ்சப்பனின் கால் வழுக்கியது. ஓரமாக விறகு சுமந்து வந்த கெம்பம்மாவை அடித்துத் தள்ளிவிட்டுத்தான் சைக்கிள் நின்றது. அவள் கால் முறிந்து கிடந்தாள். சேலையெல்லாம் பால்.

ஓடி வந்த சாவுகார் அவன் காதருகே குனிந்தார். "அவதான் குறுக்க வந்தாளுன்னு சொல்லு. இல்லீன்னா வேலை இல்ல."

ஊர் கூடியிருந்தது. ஆஞ்சப்பன் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் அவள் குடிசைக்குப் போனான். மூங்கில் பத்தை வைத்துக் கால் கட்டியிருந்தார்கள். அவள் திட்டவில்லை. "உனுக்கு அடி ஒண்ணுமில்லியே தம்பி?" என்றாள். வெட்கத்தில் அவன் உடம்பே கூசியது. செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் விடியலில் சாவுகார் வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அவுங்க ஓரமாத்தான் வந்தாங்க. நான் பொய் சொன்னேன். வண்டியில பிரேக் இல்ல."

"அப்ப சைக்கிள வெச்சிட்டுப் போடா!"

தீர்த்தகிரி குனிந்து தன் டயர்த் துண்டை அவிழ்த்து வாசலில் போட்டான். "அவன் மட்டுமா சொல்லலை? நாங்களுந்தான் வாய மூடிட்டு நின்னோம். பிரேக் போடுங்க சாவுகாரே. கெம்பக்கா வைத்தியத்துக்கும் குடுங்க. அதுவரைக்கும் சரிவுல உருட்டிகிட்டுத்தான் போவோம்."

"பால் திரிஞ்சிருமேடா!"

"திரியட்டும்."

ஒவ்வொருவராகத் துண்டுகளைப் போட்டார்கள். சாவுகார் எதற்கும் சம்மதிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

சரிவில் எல்லோரும் இறங்கி உருட்டினார்கள். சைக்கிள் இல்லாத ஆஞ்சப்பன், தீர்த்தகிரியின் கேரியரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி நடந்தான். எதிரே வந்த வண்டிக்காரன் சிரித்தான். "என்னாங்கடா, எல்லாரும் சேலை கட்டிட்டீங்களா?"

ஆஞ்சப்பன் முகம் சிவந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"ஆமாண்ணா," என்றான். "வழி உடு. பின்னால இன்னும் ஆளு வருது."