அளவெடுக்காத சட்டை

தையல்காரரின் சாப்பாட்டுத் தட்டு இப்போதெல்லாம் கதவுக்கு வெளியே தரையில் வந்து உட்காருகிறது. மருமகள் தட்டை வைத்து, கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அவர் திறக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொண்டதால், இந்த முறை குழாய்க்குள்ளேயே கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அறையிலிருந்த மருத்துவர்கள் ஒதுங்கி நின்றதை மகன் கண்ணாடி வழியே பார்த்துவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அவங்களே தள்ளி நிக்கறாங்கன்னா, பச்சக் குழந்தை இருக்கற வீட்ல வச்சுக்க முடியுமா?" என்றான் மனைவியிடம். அப்பாவின் கட்டில் வாசலையொட்டிய தையல் அறைக்குப் போனது.

தன்னால் பேத்திக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்து, கண்ணளவிலேயே அவளுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்தார். ஊரையெல்லாம் அளந்த மனிதருக்குச் சொந்தப் பேத்தியை அளக்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தச் சட்டையையும் மருமகள் ஒரு பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, பரணில் தூக்கி வைத்தாள்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. மகன் தள்ளியே நின்றான். நிறைமாத வயிற்றோடு வந்த பெண் மருத்துவர் தையல்காரரின் மார்பின் மேல் குனிந்ததும் பதறிவிட்டான்.

"மேடம், இந்த நிலைமைல கிட்டப் போகாதீங்க! அப்பா உடம்புல கதிர்வீச்சு இருக்கு. அன்னைக்கு நீங்க எல்லாருமே ஒதுங்கி நின்னீங்களே."

"யாருங்க சொன்னா? கதிர் தர்ற பொருள உள்ள விட்டோம், சில நிமிஷத்துல வெளிய எடுத்துட்டோம். அது உங்கப்பாகூட வீட்டுக்கு வரல. எங்களுக்கு தினமும் இதே வேலை, கொஞ்சங்கொஞ்சமா சேந்துடும், அதான் ஒதுங்கி நின்னோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாங்களாவது சொல்லியிருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் மகன் பரணிலிருந்த பையைப் பிரித்தான். சட்டை, அதற்குள் வளர்ந்துவிட்ட குழந்தையின் தோளைத் தாண்டவில்லை. அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு ஓடினான்.

"வாங்கிக்குங்கப்பா."

தையல்காரர் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

"வேணாம்ப்பா. மனசு கேக்குது, கை வரல."

மகன் உடைந்துபோனான்.

"கதிர அன்னைக்கே எடுத்துட்டாங்கப்பா. கேட்டுத் தெரிஞ்சுக்காம நாங்க வச்ச பயந்தான் இன்னும் உள்ள இருக்கு. அத எந்த டாக்டர் எடுப்பாரு?"