காலை ஆறு மணிக்கு மாற்றக் கோரி

மே 19 அன்று பிற்பகல் 2.40 மணிக்கு விமான நிலைய வானிலை மையத்தில் 44.6 டிகிரி செல்சியஸ் பதிவானது.

அந்த நேரத்தில், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுநர்கள் வண்டிகளுக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். கிடங்குக் காவலாளி தன் தகரக் கூண்டை விட்டு வெளியேறி, சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் சில நாட்கள் அவர் அவளைத் தடுத்துப் பார்த்தார். பிறகு, எல்லாவற்றையும் பழகிக்கொள்வது போல, அவளையும் பழகிக்கொண்டார்.

தீயணைப்புத் துறையில் பெண்களுக்கு நாற்பத்தாறு இடங்கள் அறிவித்திருந்தார்கள். எழுத்துத் தேர்வுக்கு ஐம்பது மதிப்பெண், ஓட்டத்துக்கு ஐம்பது. ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் முடித்தால் முழு ஐம்பதும் கிடைக்கும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை. எழுத்துத் தேர்வில் தேறிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவள் நூற்றுப் பதினெட்டாவது. நவம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் விண்ணப்பிக்க முடியாது.

அவள் வேலை பார்த்தது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில். காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை ஷிஃப்ட். ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் இரண்டு பேர் கொடுக்க, மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். அவள் கொடுக்கும் பக்கம். உருளையிலிருந்து எழும் ஆவி முகத்தில்தான் அடிக்கும். அந்தக் கூடத்தில் கோடைக்கும் குளிருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மகளை அடுத்த வீட்டிலிருந்து மூன்றரைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவளுடையது. மேற்பார்வையாளர் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார். இங்கேதான் ஓசியில் வேகவைக்கிறோமே, வெளியே போய் வேறு வேக வேண்டுமா என்று கேட்பார். மடிக்கும் பக்கத்து அக்காக்கள், அப்படி ஓடித்தான் தீர வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் துரத்துவதாக நினைத்துக்கொண்டு ஓடு, கால் தானாகப் பறக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லோரும் நேரமில்லாததால்தான் வெயிலில் ஓடுகிறாள் என்று நினைத்தார்கள். கணவனும் அப்படித்தான் நினைத்தான். அது பாதி உண்மை. மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடத் தேர்வுக்கும் அவள் போயிருந்தாள். பயிற்சியே இல்லாமல் போய் 9 நிமிடம் 20 விநாடியில் முடித்துத் தோற்றாள். அன்று அதிகாரிகள் வந்து சேரவே பத்தரை ஆனது. பதினொரு மணி வெயிலில் ஓடவிட்டார்கள். அவளைவிட இளையவர்கள், நல்ல காலணி போட்டவர்கள், பயிற்சி மையங்களில் சேர்ந்து படித்தவர்கள் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள். நூற்று எண்பது பேரில் முடித்தவர்கள் எண்பத்தொரு பேர். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கணக்குப் போட்டாள். எழுத்தில் அவர்களை முந்த முடியாது. காலை நேரத்து ஓட்டத்திலும் முடியாது. ஆனால் வெயிலில் முடியும். பதினொரு வருடமாக ஆவியில் நிற்கிறவளுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை. இந்த வருடத் தேர்வு ஜூன் 6, காலை பத்தரை மணி என்று அனுமதிச் சீட்டில் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் தொடங்கினாள். மின்கம்பங்களுக்கு இடையே நாற்பது மீட்டர். பத்து இடைவெளி நானூறு. முதல் வாரம் பத்தே நிமிடம், பாதி நடை, பாதி ஓட்டம். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும் என்று படித்திருந்தாள், அப்படியேதான் நடந்தது. மூன்றாவது வாரத்தில் வியர்வை முன்கூட்டியே வர ஆரம்பித்தது, நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. கழித்துக் கட்டிய தலையணை உறை ஒன்றை ஐஸ் தண்ணீரில் நனைத்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த பாட்டிலை ஐந்தாவது கம்பத்தின் அடியில் வைத்தாள். தார் இளகி, காலணியின் அடிப்பாகம் பசை விட்டுக் கழன்றது, தைத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டில் தினமும் வானிலைச் செய்தி பார்த்தாள். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஜூன் முதல் வாரம் வெப்பம் குறைய வாய்ப்பில்லை என்று அறிவிப்பாளர் சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆலையின் வரவேற்பு மேசையில் மூட்டைகளுக்கு ரசீது போடும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணும் அதே தேர்வை எழுதியிருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் கண்ணாடி. எழுத்தில் முப்பத்தொன்றாவது இடம். ஓட்டம்தான் அவளுக்கு வராது. ஏப்ரல் நடுவில் ஒருநாள், அக்கா, நானும் உங்களோடு ஓட வரட்டுமா என்று கேட்டாள். வெயில் உனக்கு ஆகாது, விடிகாலையில் பூங்காவில் ஓடு, அதுதான் உடம்புக்கு நல்லது என்று இவள் சொன்னாள். சொன்னது பொய்யில்லை. கண்ணாடி நன்றி சொல்லிவிட்டு விடிகாலையில் ஓடினாள்.

கணவன் அரசு அலுவலகங்களுக்கு எதிரே இருக்கும் நகல் கடையில் தட்டச்சு செய்பவன். மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அந்தப் பழக்கத்தில் தானும் எழுத ஆரம்பித்தவன். தெருவிளக்கு, சாக்கடை மூடி, நிழற்கூரை இல்லாத பேருந்து நிறுத்தம், தபால் பெட்டிக்குப் பெயின்ட் என்று அறுபத்து மூன்று மனுக்கள் அனுப்பியிருந்தான். ஒன்றுக்கும் பலன் கிடைத்ததில்லை. ஒப்புகைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தான். அவளுக்கு அதில் கோபம் கிடையாது, கிண்டல்தான். வீட்டுக் குழாய் ஒழுகினால், ஒரு மனுப் போடுங்களேன், உங்கள் பேரப் பிள்ளைகள் காலத்திலாவது சரி செய்வார்கள் என்பாள். அவனும் சிரிப்பான்.

மே 19 அன்று உருளை பழுதாகி ஷிஃப்ட் அரை மணி நேரம் நீண்டது. தண்ணீர் குடிக்காமலேயே அவள் ஓடப் போனாள். 7 நிமிடம் 49 விநாடி. அதுவரை அவள் தொட்டதிலேயே குறைந்த நேரம் அதுதான். நடந்து வந்து, மகள் இருந்த அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த ஒன்பது வயது மகளைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாசற்படியில் சரிந்தாள்.

மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். சிறுநீர் தேயிலை நிறத்தில் போனது. சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் வெயிலில் காலே வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஐந்தாம் நாள் காலணியை எடுத்தாள். கணவன் கதவருகே நின்றான்.

"பரீட்சை முடியட்டும்," என்றாள்.

"அதுக்குள்ள நீ முடிஞ்சுடுவே."

"நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும்."

"புள்ளைய யாருன்னு கேட்டவ நீ. உனக்கு என்ன தெரியும்?"

அவள் காலணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று பாதி தூரம்தான் ஓடினாள். அதற்கு முன்பே, மே 21 அன்று, அவள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோதே அவன் தன் அறுபத்து நான்காவது மனுவை அனுப்பியிருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. தேர்வு வாரியத் தலைவருக்கு எழுதிய ஒரு பக்கம். பொருள்: உடற்திறன் தேர்வைக் காலை ஆறு மணிக்கு மாற்றக் கோரி. வெப்ப அலை எச்சரிக்கை, சென்ற ஆண்டு பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கை, ஒரு தாய்க்கு நேர்ந்தது என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு பத்தி. கூடவே தேர்வர்கள் முப்பத்தொரு பேரின் கையெழுத்து. அவன் எழுதியவற்றிலேயே நல்ல மனு அது. நகலை மூன்று பத்திரிகைகளுக்கும் அனுப்பினான்.

மே 31 ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விடுப்பு. அவன் கடைவீதிக்குப் போய்ச் செய்தித்தாளும் மகளுக்கு ஐஸ்கிரீமும் வாங்கி வந்தான். ஐந்தாம் பக்கத்தை மடித்து அவள் முன்னால் வைத்தான். கடும் வெப்பத்தையும் பெறப்பட்ட மனுவையும் கருத்தில் கொண்டு இந்த ஆண்டு பெண்களுக்கான ஓட்டம் ரத்து செய்யப்படுகிறது என்றும், அதிகாலையில் மைதானம் கிடைக்காததால் நேரத்தை மாற்ற வழியில்லை என்றும், எழுத்துத் தேர்வு மதிப்பெண் அடிப்படையிலேயே தேர்வு நடக்கும் என்றும் எட்டு வரிச் செய்தி.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"யாரு குடுத்த மனு?"

அவன் சிரித்தான். அறுபத்து நான்கு மனுக்களில் முதல் தடவையாக ஓர் அலுவலகம் அவனுக்குக் காது கொடுத்திருந்தது. "காலையில வைங்கன்னுதான் கேட்டேன். அவங்க ஓட்டமே வேணாம்னுட்டாங்க. ஒரு விதத்துல நல்லதுதானே. இனிமே நீ வெயில்ல கெடக்க வேணாம்."

"நான் எத்தனாவது?"

"நூத்திப் பதினெட்டு." சட்டென்று சொன்னான். பட்டியலை அச்செடுத்துக் கொடுத்ததே அவன் கடைதான்.

"எடுக்கறது எத்தனை பேரு?"

அவன் குனிந்து அந்த எட்டு வரியை மறுபடி படித்தான். மகள் ஐஸ்கிரீம் குச்சியை நக்கிக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

"காலையில வச்சிருந்தா நல்லா ஓடியிருப்பியே," என்றான் கடைசியில். "அதுக்குத்தானே கேட்டேன்."

"காலையில எல்லாரும்தான் ஓடுவாங்க. வெயில்ல விழுவாங்க. அதுக்குத்தான் ரெண்டு மாசமா ஓடினேன்."

"விழுவாங்கன்னா?"

"விழணும்னுதான்."

அவள் செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து போய் அதை மூடவில்லை.

மறுநாள் ஆலையில் கண்ணாடி மேசையை விட்டு எழுந்து ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர். "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிடணும். மொத கையெழுத்தே என்னோடதுதான் தெரியுமா?" இவள் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளைக்குள் கொடுத்தாள். நல்லா இரு என்றாள். அதற்கு மேல் அங்கே பேச முடியாது. உருளையின் சத்தம் அப்படி.

ஓட்டத்தை நடத்தக் கோரி இன்னொரு மனு போடலாம் என்று கணவன்தான் சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் கேட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறுக்குக் கீழே இருந்த நூற்று அறுபத்தாறு பேருக்கும் இதில் நஷ்டம்தான். ஆனாலும் பலர் பதிலே போடவில்லை. நீதிமன்றம் போனால் வருடக்கணக்காகும் என்றார்கள் சிலர். அக்கா, நீங்கள் ஓடிவிடுவீர்கள், நாங்கள் சாகவா என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு இருபத்திரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். கடைசியில் சேர்ந்தவை ஒன்பது கையெழுத்துகள்.

மனுவை யார் பெயரில் போடுவது என்று பேச்சு வந்தது. அவள் தன் பெயரில் போடலாம் என்றாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "என் பேருலயே போடுறேன். அங்க இப்ப என் பேரு தெரியும். போன தடவை கேட்டாங்கல்ல, இந்தத் தடவையும் கேப்பாங்க." அவன் முகத்தைப் பார்த்து அவள் விட்டுவிட்டாள். நேரில் கொண்டு போய்க் கொடுத்தார்கள். வாங்கிய எழுத்தர் பெயரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பழைய கோப்பை எடுத்து அதனுடன் சேர்த்துக் கட்டினார். ஓட்டம் வேண்டாம் என்றீர்கள், இப்போது வேண்டும் என்கிறீர்கள், உங்கள் வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் சார் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

இறுதிப் பட்டியல் ஜூன் 12 அன்று வெளியானது. கண்ணாடி முப்பத்தொன்றாவது. இவள் பெயர் இல்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மனுதாரரின் பெயரில் பெறப்பட்ட கோரிக்கை ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டு, அவருக்குச் சாதகமாக முடித்துவைக்கப்பட்டது என்றும், இது குறித்து இனி கடிதப் போக்குவரத்து ஏற்கப்படாது என்றும் அதில் இருந்தது. கணவன் அதற்குப் பிறகு மனு எதுவும் எழுதவில்லை. நவம்பர் 9 அன்று அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. அன்று அவள் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள்.