மாட்டேன் என்ற மல்பெரி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மல்பெரி இலைகளைக் கேட்டுத்தான் பறிப்போம். துளிர்விட்டு விரிந்து பச்சை கனத்ததும், தான் எதற்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு இலையும் சொல்லிவிடும். "புழுவுக்கு" என்றால் பட்டுப்புழு மனைக்கு அனுப்புவோம். "டீக்கு" என்றால் உலர்த்தும் கூடத்துக்கு. "ஆட்டுக்கு" என்றால் தீவனத் தொட்டிக்கு. சில இலைகள் "சர்க்கரைக்கு" என்று சொல்லும். அவை சர்க்கரை வியாதி ஆராய்ச்சிக்காக மேல்மாடிக்குப் போகும். மேல்மாடி கேட்கிற இலைகளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, ஆனால் அது என் துறை இல்லை. என் துறை கேட்பது. எம்.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு, காலையில் வரிசை வரிசையாகக் குனிந்து "உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். பெயர் ஜெயக்கொடி.

மோட்டார் கொட்டகை ஓரத்தில் ஒரு செடி இருந்தது. போன மாதம் அதன் இலைகளிடம் கேட்டேன். ஒவ்வொன்றும் "மாட்டேன்" என்றது. கோபமெல்லாம் இல்லை. பந்தியில் போதும் என்று இலையைக் கையால் மறைக்கிறவர் மாதிரி, மரியாதையாகத்தான் சொன்னது.

எனக்கு அந்தச் செடியை அப்போதே பிடித்துப்போயிற்று. பின்னே என்ன, தினமும் கேட்கிறோம், இல்லை என்று சொல்லவும் ஒருத்தர் வேண்டாமா? எல்லாரும் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நான் கேட்பது கேள்வியா, வெறும் நாடகமா? அன்றைக்கு அந்தச் செடிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

எங்கள் இயக்குநர் டாக்டர் அறவாழி. நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். தலைமையகம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் ஆகட்டும். மச்சினன் காரை இரவல் கேட்டால் ஆகட்டும். கார் திரும்பி வராவிட்டாலும் ஆகட்டும். செந்தமிழில் அவருக்கு ஒரு பிடிப்பு. மல்பெரியை முசுக்கொட்டை என்பார், மோட்டாரை நீரேற்றி என்பார். தோட்டக்காரர் மாதப்பண்ணன் எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்பார். ஒவ்வொரு செடிக்கும் அதன் பயனை எழுதித் தகரப் பலகை மாட்டுவோம். எழுதுவது இயக்குநரேதான், சொந்த பிரஷ்ஷில்.

மோட்டார் கொட்டகைச் செடிக்கு அவர் எழுதிய பலகையில் இப்படி இருந்தது: "முசுக்கொட்டை இலைகள். உதவமாட்டா."

"சார், அது மாட்டேன்னுதான் சொல்லிச்சு" என்றேன்.

"அதைத்தானேம்மா எழுதியிருக்கேன். இலை அஃறிணை. அது மாட்டேன்னு சொன்னா நாம மாட்டாதுன்னு எழுதணும். பன்மைன்னா மாட்டா."

"மாட்டான்னா முடியலைன்னு அர்த்தமாயிடுது சார். அதால முடியும். செய்ய மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணா?"

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்டதில்லையா? மாட்டாமைன்னா இயலாமை. பழமொழியே சொல்லுது."

"அவளை ஆடுறியான்னு யாராவது கேட்டாங்களா சார் முதல்ல?"

அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒருத்தி வாயைத் திறந்து மாட்டேன் என்று சொன்னதை, அவளுக்குத் துப்பில்லை என்று எழுதி அவள் கழுத்திலேயே மாட்டுவது எந்த ஊர் நியாயம்?

வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து டாக்டர் ஹெப்சிபா ஆய்வுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை. பலகையைப் படித்ததும் நின்றுவிட்டார். எங்கள் துறையில் விதி சின்னதுதான்: இயலாததைப் பிடுங்கலாம், மறுப்பதோடு பேச வேண்டும்.

"உதவமாட்டா" என்று இன்னொரு தரம் படித்தார். "இயலாத செடி. இன்னிக்கே எடுத்துடுங்க."

"ஆகட்டும்" என்றார் அறவாழி.

மாதப்பண்ணன் கடப்பாரையோடு வந்தார். பிடுங்கும்போது, இலைகளிடம் கேட்டவர்தான் முதல் கை வைக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செடியைப் பார்த்தேன். அதன் இலைகள் காற்றுக்குக்கூட அசையவில்லை. காற்றும் கேட்டிருக்கும் போல.

"மாட்டேன்" என்றேன்.

சொன்னதும் உடம்பெல்லாம் ஒரு மாதிரி லேசாகிவிட்டது. இவ்வளவு நல்ல வார்த்தையை இத்தனை நாள் இலைக்கு மட்டும் விட்டுவைத்திருந்தேனே என்று இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று ஹெப்சிபா அறவாழியைக் கேட்டார். ஆய்வின்போது இயக்குநர் வழியாகத்தான் எதுவும் போக வேண்டும்.

"மாட்டாள்" என்றார் அவர். பிறகு ஒரு தகரத்தில் "ஜெயக்கொடி. மாட்டாள்" என்று அழகாக எழுதி, கயிறு கோத்து என் கழுத்தில் போட்டார். பெயின்ட் காயாததால் சேலையில் ஒட்டியது. அதற்கும் சேர்த்துதான் எனக்குக் கோபம்.

மாதப்பண்ணன் என் கால்களைச் சுற்றி வந்து பார்த்தார். "உங்களை எங்கருந்து தோண்டுறது மேடம்?"

"ஒரு முழம் தள்ளித் தோண்டுங்கண்ணா. வேர் அறுந்துடக் கூடாது" என்றேன். "ஆனா அதுக்கு முன்னாடி அந்த அடுப்பைப் பத்தவைங்க. எங்களால முடியுமா முடியாதான்னு பார்த்துட்டுத் தோண்டலாம்."

ஹெப்சிபா தலையசைத்தார். சோதனை கேட்டால் தரவேண்டும் என்பது அவர் கொள்கை.

கொட்டகை ஓரத்து அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அந்தச் செடிக்குக் கீழே தானாக உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்துப் பாத்திரத்தில் போட்டேன். கொதித்தது, கொதித்தது, பாதியாக வற்றியது. ஹெப்சிபா டம்ளரில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். பளிங்காக இருந்தது. குடித்தும் பார்த்தார்.

"வெறும் வெந்நீர். இயலலை, பார்த்தீங்களா?"

தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, ஒடித்து, வேறு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். சற்று நேரத்தில் தண்ணீர் மங்கலாகப் பழுப்பேறியது.

"மேடம், கொல்லை கூட்டுற துடைப்பத்துக்கே இவ்வளவு முடியுது. இந்த உலகத்துல எதைப் போட்டு வேகவெச்சாலும் கொஞ்சமாவது சாயம் இறங்கும். அரை மணி நேரம் கொதியில கிடந்தும் ஒரு துளி விடலைன்னா அது இயலாமையா? எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும் அதுக்கு?"

ஹெப்சிபா யோசித்தார். "செடி சரி. உங்க விஷயம்?"

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கி என் விரலை விட்டேன். காலையிலிருந்து மண்ணில் கிடந்த விரல். நகக்கண்ணில் இருந்த செம்மண்கூடக் கரையவில்லை. தண்ணீர் அப்படியே இருந்தது. அந்த மண்ணும் என் கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது.

"மனுஷ விரல்ல சாயம் எப்படி இறங்கும்?" என்றார் ஹெப்சிபா. "ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணுமே."

நியாயமான கேள்வி. நான் அறவாழியிடம் டம்ளரை நீட்டினேன். "சார், நீங்க ஒரு விரல் வைங்க."

"ஆகட்டும்" என்றார்.

ஆள்காட்டி விரலின் நுனி பட்டதுமே தண்ணீர் சிவந்தது. நூல் நூலாக இறங்கி அடி வரைக்கும் போய், நல்ல திடமான டீ ஆகிவிட்டது. மணம் கொட்டகையெங்கும் வீசியது. ஹெப்சிபா வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இஞ்சி போட்டிருக்கா?"

"நான் இஞ்சி அதிகம் சேர்த்துக்குவேன்" என்றார் அறவாழி.

அதோடு சோதனை முடிந்தது. நாங்கள் இயலாதவர்கள் இல்லை, மறுக்கிறவர்கள் என்று ஹெப்சிபா வாயாலேயே சொன்னார். மாதப்பண்ணன் கடப்பாரையைக் கொட்டகையில் சாத்தினார். "நல்லவேளை மேடம், உங்க வேர் எங்க போகுதுன்னே தெரியல" என்றார். நான் பிரஷ்ஷை வாங்கி இரண்டு பலகையிலும் பழைய எழுத்தை அழித்துவிட்டு "மாட்டேன்" என்று எழுதினேன். என்னுடையதைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கும் பலகையைக் காட்டினேன்.

விதிப்படி, மறுப்பதோடு பேச வேண்டும். ஹெப்சிபா ஒரு நாற்காலியை இழுத்துச் செடி முன்னால் போட்டு உட்கார்ந்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பித்தார். இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார், செடிக்கும் அவரைப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் மாட்டேன் மாட்டேன்தான்.

கேன்டீனில் டீத்தூள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தினமும் காலையில் வெந்நீர் கேனை அறவாழியின் அறைக்குக் கொண்டுபோவார்கள். அவர் கோப்பு பார்த்தபடியே ஒரு கையை உள்ளே விடுவார். மணியடித்தால் மறுபடியும் ஒரு கேன் போகும். யார் கேட்டாலும் ஆகட்டும்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் முகம் வெளிறி, நீர்த்துப்போய் இருக்கும். என் கழுத்தில் பலகை மாட்டியவர் என்ற கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நேற்று எல்லாரும் போன பிறகு அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் வந்தார். ஹெப்சிபா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். அறவாழி செடி முன்னால் நின்று, உதடுகளை ஒட்டி ஒட்டிப் பிரித்தார்.

"மா" என்றார். சற்றுப் பொறுத்து, "மா... ட்..." என்றார். இலைகள் தலை குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

இன்று காலை டீ கொஞ்சம் வெளுத்திருந்தது. கேன்டீனில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். நான் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவர் அறைக்குப் போய், "இன்னிக்குத்தான் சார் நல்லாயிருந்துச்சு" என்றேன்.